பட்டாசு வரவில்லை, புகார் எண் வந்தது

கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின மாதம் எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடையாது. 2025 தீபாவளி அக்டோபர் 20. அதற்குப் பதின்மூன்று நாள் முன்னால், ஆன்லைன் பட்டாசு மோசடியில் ஒரே நாளில் ₹13,050 கைவிட்டுப் போனது. அதில் 8,400 என் காசே இல்லை, தெருவில் ஏழு வீட்டார் என்னை நம்பிக் கொடுத்தது.

எங்கள் பக்கத்தில் பட்டாசுக்குப் பலர் ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிக்குப் போவார்கள். 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு குடோன் வெடித்தது. அதே வருஷம் அக்டோபரில் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடை எரிந்தது. அங்கே சீசன் வேலைக்குப் போயிருந்த தர்மபுரிப் பையன்கள் பலர் உயிரோடு திரும்பவில்லை. அதிலிருந்து வீட்டுக்காரரை நான் அந்தப் பக்கம் விடுவதில்லை. சிவகாசியிலிருந்து நேராக வீட்டுக்கே வந்துவிட்டால் பத்திரம்தானே என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

போனில் ரீல்ஸ் ஓடும்போது விளம்பரம் வந்தது. 80 சதவீதத் தள்ளுபடி. வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பினார்கள். கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம் என்று வரிசையாக, பழைய விலையைச் சிவப்புக் கோடு போட்டு அடித்திருந்தது. நிஜக் கடைப் பட்டியலும் அப்படித்தான் இருக்கும், அதனால் சந்தேகமே வரவில்லை. எட்டு வீட்டுக்கு, வீட்டுக்கு 1,200 வீதம் 9,600. காலை பதினொரு மணிக்கு அனுப்பினேன்.

அனுப்பும் முன் திரையில் கடைப் பெயருக்குப் பதில் வேறு ஏதோ மாநிலத்து ஆள் பெயர் வந்தது. கேட்டேன். "எங்க அக்கவுன்டன்ட் பேரு அக்கா, தைரியமா போடுங்க" என்றான். போட்டேன். இப்போது யோசித்தால் அந்த ஒரு நொடியில்தான் எல்லாமே இருந்தது. பணம் வாங்குகிறவரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயரைத்தான் ஆப் காட்டுகிறது. அது எனக்காகவே காட்டிய பெயர், நான்தான் அவன் சொன்னதைக் கேட்டேன்.

அரை மணியில் லாரி பார்சல் கட்டணம் 1,450 கேட்டான். கட்டிய பிறகு மனசு உறுத்த ஆரம்பித்தது. ஆனால் யாரிடம் சொல்வது? ஏழு வீட்டுக்கும் நான் அல்லவா பொறுப்பு. மெஷினை மிதித்துக்கொண்டே சாயங்காலம் வரை வாயைத் திறக்கவில்லை. ஏழு மணிக்கு இன்சூரன்ஸ் 2,000, பார்சல் வந்ததும் திருப்பித் தருவோம் என்றான். இந்த முறை வேறு யுபிஐ ஐடி. ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்று அதையும் கட்டினேன். சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றும்.

அடுத்து ஒரு ஏபிகே கோப்பு வந்தது, அதை அழுத்தினால் போனில் நேராக ஆப் ஏறிவிடும். பார்சல் எங்கே வருகிறது என்று பார்க்கும் ஆப்பாம். இன்ஸ்டால் அழுத்தப் போகும்போது பிளஸ் டூ படிக்கும் மகள் போனைப் பிடுங்கினாள். "ஏம்மா, பிளே ஸ்டோர்ல இல்லாம வாட்ஸ்அப்ல எவனாவது ஆப் அனுப்புவானா?" அப்படி வருகிற ஆப் நம் எஸ்எம்எஸ்ஸை எல்லாம் படிக்க அனுமதி கேட்கும், ஓடிபி நேராக அவனுக்கே போய்விடும் என்றாள். அப்புறம் அந்த எண்ணுக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப். அப்போதுதான் அழுதேன்.

ஒன்பதரைக்கு மகள், சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போட்டுக் கொடுத்தாள். எடுத்த பெண் கேட்ட முதல் கேள்வி, "பணம் போய் எவ்வளவு நேரம் ஆச்சும்மா?" காலை என்றதும் ஒரு வினாடி பேச்சில்லை. பிறகு வரிசையாக: என் கணக்கு எந்த வங்கி, எந்த யுபிஐ ஐடிக்குப் போனது, எத்தனை தடவை, ஒவ்வொன்றுக்கும் பரிவர்த்தனை எண். இங்கேதான் தடுமாறினேன். ஆப்பில் ஒரு பரிவர்த்தனையைத் திறந்தால் இரண்டு எண் இருக்கிறது. ஒன்று ஆப் நிறுவனத்தின் எண், எழுத்தும் எண்ணுமாக நீளமாக வரும். அதையே நான் வாசித்துக்கொண்டிருந்தேன். "அது இல்லம்மா, வெறும் எண்ணா பன்னிரண்டு இலக்கம் இருக்கும், பாருங்க." வங்கிகள் தேடுவது அதைத்தான். மூன்றையும் நோட்டில் எழுதி, ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன். முடித்ததும் எஸ்எம்எஸ்ஸில் புகார் எண் வந்தது. பிறகு இரவோடு இரவாக cybercrime தளத்தில் ஸ்கிரீன்ஷாட்டுகளை ஏற்றினோம். நல்லவேளை, வெறுப்பில் அந்த வாட்ஸ்அப் உரையாடலை நான் அழித்துவிடவில்லை.

மறுநாள் என் வங்கிக் கிளைக்குப் போனேன். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் பணம் முழுதாக வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் அப்படி ஒரு விதி போட்டது உண்மைதான். ஆனால் அது நமக்குத் தெரியாமல் வெளியாள் யாரோ எடுத்த பணத்துக்கு. நான் என் பின்னை நானே போட்டு அனுப்பியிருக்கிறேன். ஸ்டேட்மென்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கிருஷ்ணகிரி சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு ஆதார் நகல், ஸ்டேட்மென்ட், சாட் பிரின்ட் எல்லாம் எடுத்துப் போனேன். அங்கே இருந்த எஸ்.ஐ. திட்டவில்லை, அதுவே பெரிய ஆறுதல். ஆன்லைனில் பட்டாசு விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் போன 9,600 கணக்கு கணக்காகத் தாவி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிட்டது. பார்சல் பணத்தில் 1,120, இரவில் கட்டிய 2,000, ஆக 3,120 மட்டும் அந்தக் கணக்குகளில் முடக்கப்பட்டிருந்தது. மத்தியானம் உறுத்தியபோதே அடித்திருந்தால்? அதை அவரிடம் கேட்கவில்லை.

முடக்கிய பணம் தானாக வரவில்லை, அப்போது அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது. மனு போட்டோம், இரண்டு முறை போய் நின்றேன். இடையில் ஒருவன் போன் செய்து, "சைபர் கிரைம்ல இருந்து பேசறோம், ஐந்நூறு கட்டினா நாளைக்கே பணம்" என்றான். பட்டாசு விளம்பரத்தின் கீழே என் எண்ணோடு புலம்பி எழுதியிருந்தேன், அங்கிருந்து பிடித்திருக்கிறான். இந்த முறை நான் கட்டவில்லை. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேக அழைப்புகளைச் சொல்வதற்கான சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்தேன்.

தெருவில் சொன்னதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். பணம் போன அன்று இரவே ஏழு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொன்னேன். தையல் காசில் நான்கு வீட்டுக்குத் தீபாவளிக்கு முன்பே கொடுத்துவிட்டேன். எதிர்வீட்டு அத்தை வாங்கவே இல்லை. "அதுக்கு ஜாக்கெட் தெச்சுக் கழிச்சுடு" என்றார். இரண்டு ஜாக்கெட் தைத்தாயிற்று, இன்னும் கணக்கு பாக்கி இருக்கிறது.

3,120 என் கணக்குக்கு வந்தபோது பொங்கல் நெருங்கியிருந்தது. அந்த வாரம் அதே அத்தை போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பொங்கல் பரிசுக்குப் பதிவு செய்ய லிங்க்காம். "இதைத் தொடலாமாடி?" "ரேஷன் கடைக்காரங்களே டோக்கன் குடுப்பாங்க அத்தை, லிங்க் எல்லாம் கிடையாது" என்று அழித்துக் கொடுத்தேன். நகரவில்லை. "அப்ப ஆடிக்கு ஒரு புடவை ஆஃபர் வந்துச்சே, அது?" என்று அடுத்த மெசேஜைத் திறந்தார்.