ஊருக்கே சொந்தமான கரன்ட்: உபரிப் பணம் எங்கே போகிறது?

கரன்ட் என்றால் மாநில மின்வாரியம், அது இல்லாவிட்டால் ஒரு பெரிய தனியார் கம்பெனி என்றுதான் நம்மில் பலரும் நினைத்துப் பழகிவிட்டோம். ஒரு ஊரின் மின்கம்பம், வயர், டிரான்ஸ்ஃபார்மர், மீட்டர் எல்லாம் அந்த ஊருக்கே சொந்தமாக இருக்கலாம் என்று சொன்னால் நம்பச் சிரமப்படுகிறார்கள். ஆனால் கேரளாவில் திருச்சூர் மாநகராட்சி பல பத்தாண்டுகளாக இதைத்தான் செய்து வருகிறது, மாநில மின்வாரியத்திடம் மொத்தமாக வாங்கித் தன் எல்லைக்குள் தானே விநியோகிக்கிறது. அமெரிக்காவில் இப்படிப் பொதுமக்களுக்குச் சொந்தமான மின் நிறுவனங்கள் சுமார் 2,000 இருக்கின்றன, பெரும்பாலும் சின்னச் சின்ன ஊர்களில். அங்கே ஏழு வாடிக்கையாளர்களில் ஒருவருக்குக் கரன்ட் இவர்களிடமிருந்துதான் வருகிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில் வீடுகளுக்கு மின்சாரம் விற்கும் தனியார் கம்பெனி ஒன்றுகூட கிடையாது.

இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை மறைக்க ஒன்றுமில்லை. லாபத்தை எங்கோ இருக்கும் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை, கட்டணத்தை ஏற்றுவதென்றால் அதே ஊரில் குடியிருக்கிற நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அதே ஊர்க்காரர்கள் முன்னால் உட்கார்ந்து காரணம் சொல்ல வேண்டும், புயலடித்து வயர் அறுந்தால் வருகிற லைன்மேனுக்கு எந்தத் தெருவுக்கு எந்த ஃபீடர் (துணை மின் நிலையத்திலிருந்து வரும் மின் பாதை) ஓடுகிறது என்று மேப் பார்க்காமலே தெரியும். கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் 1923-லேயே மக்கள் வாக்களித்துச் சொந்த மின் நிறுவனம் வேண்டும் என்றார்கள். பழைய கம்பெனியோடு கோர்ட் வழக்கெல்லாம் முடிந்து அது விநியோகத்தைத் தொடங்கியபோது 1946 முடியப் போகிறது. விடாப்பிடி என்றால் அதுதான். பிறகு அந்த நிறுவனம் கட்டிய ரான்ச்சோ செகோ அணுமின் நிலையம் அடிக்கடி நின்று நின்று ஓடி மக்களுக்கு அலுத்துப்போனதும், 1989 ஜூனில் அதை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்று முடிவு வந்தது, மறுநாளே மூடினார்கள். கட்டணம் கட்டுகிறவர்கள் ஒரு அணு உலைக்குப் பூட்டுப் போட முடிந்தது எதனால்? அது அவர்களுடையது என்பதால்தான்.

டென்னிசியின் சட்டனூகா ஊரும் இந்த வரிசையில்தான் வருகிறது. அங்கே நகரத்தின் மின் நிறுவனம் தன் கம்பங்கள் வழியாகவே ஃபைபர் கேபிள் இழுத்தது. எங்காவது மரம் விழுந்தால் தானியங்கி சுவிட்சுகள் ஒன்றோடொன்று பேசி, பழுதான துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவர்களுக்குக் கரன்ட்டைத் திருப்பிவிட வேண்டும் என்பது ஒரு நோக்கம். அதே ஃபைபரில் 2010-ல் ஊர் முழுக்க நொடிக்கு ஒரு கிகாபிட் வேக இன்டர்நெட்டும் கொடுத்தார்கள், அன்றைக்குப் பெருநகரங்களிலேயே அது கிடைக்காது.

சரி, இவ்வளவு நல்லது என்றால் எங்கே இடிக்கிறது? பணத்தில்தான். லாபநோக்கம் இல்லை என்று சொன்னாலும் நன்றாக நடக்கிற எந்த மின் நிறுவனத்திலும் வருடக் கடைசியில் ஏதோ ஒரு உபரி நிற்கும், அது நின்றால் நகர்மன்றத்தின் கண் அதன் மேல் விழும். சொத்துவரியை ஏற்றினால் மக்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனால் கரன்ட் பில்லில் சில காசுகள் கூடினால் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள் என்பது ஊர் நிர்வாகம் செய்கிற எல்லோருக்கும் தெரியும். லாஸ் ஏஞ்சலஸில் நகர மின் நிறுவனத்தின் வருமானத்தில் ஒரு பங்கு வருடாவருடம் நகரத்தின் பொது நிதிக்குப் போவது கோர்ட் வரை போனது. மும்பையில் 1947-ல் மாநகராட்சி கையகப்படுத்திய பெஸ்ட், பஸ்ஸும் ஓட்டுகிறது கரன்ட்டும் விநியோகிக்கிறது. அங்கே பஸ் நஷ்டத்தை ஈடுகட்ட மின் பயனாளிகளிடமிருந்தே தனிக் கட்டணம் வசூலித்த வருடங்கள் உண்டு. பஸ் ஓட வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தச் செலவை மன்றத்தில் வெளிப்படையாக விவாதித்து வரியாக வசூலிப்பதும், மீட்டர் வழியாகச் சத்தமில்லாமல் எடுப்பதும் ஒன்றல்ல. இப்படி எடுத்துக்கொண்டே போனால் முதலில் அடிபடுவது பராமரிப்பு. பழைய டிரான்ஸ்ஃபார்மரை அடுத்த வருடம் மாற்றலாம், மரக்கிளை வெட்டுவதை அடுத்த சீசனுக்குத் தள்ளலாம் என்று போகும், அன்றைக்கு ஒன்றும் ஆகாது, சில வருடம் கழித்து ஒரு காற்று மழையில் எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும்.

இதைவிட எனக்குக் கவலையான விஷயம் நீண்டகால ஒப்பந்தங்கள். சின்ன ஊர்களால் தனியாக மின் நிலையம் கட்ட முடியாது, அதனால் பல ஊர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்து மொத்தமாக வாங்கும், சில சமயம் மின் நிலையத்திலேயே பங்கு வாங்கும். நல்ல யோசனைதான். ஆனால் இலினாய் மாநிலத்தில் 2012-ல் ஓடத் தொடங்கிய பிரெய்ரி ஸ்டேட் நிலக்கரி மின் நிலையத்தைப் பாருங்கள். 1,600 மெகாவாட் அளவுள்ள அந்த நிலையத்தில் பல மாநிலங்களின் ஊர் மின் நிறுவனங்கள் பங்கேற்றன, கட்டுமானச் செலவு முதலில் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது, கரன்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற வகையில் பல பத்தாண்டு ஒப்பந்தங்கள். அதில் பங்கேற்ற பட்டேவியா என்ற ஊரில் மக்கள் வழக்கே போட்டார்கள். கையெழுத்துப் போட்ட நாளில் அந்த மன்றக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள்? பெரும்பாலும் காலி நாற்காலிகள்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஊரின் சொத்து என்று பெயர் இருந்தும், அதன் மிகப் பெரிய முடிவு ஊருக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது.

தனியார் கம்பெனியிடமிருந்து மின் விநியோகத்தை மீட்பதும் எளிதல்ல. கொலராடோவின் போல்டர் 2011-ல் வாக்கெடுப்பில் ஆரம்பித்து, வக்கீல்களுக்கும் ஆய்வுகளுக்கும் நிறையச் செலவழித்து, 2020-ல் பழைய கம்பெனியோடேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. ஜெர்மனியின் ஷோனாவ் என்ற மிகச் சின்ன ஊரோ செர்னோபில் விபத்துக்குப் பிறகு கவலைப்பட்ட பெற்றோர்களில் ஆரம்பித்து, இரண்டு வாக்கெடுப்புகளில் ஜெயித்து, 1997-ல் தன் மின் வலையை வாங்கியே விட்டது.

உங்கள் ஊரில் இப்படி ஒரு நிறுவனம் இருந்தால் அதன் தணிக்கை அறிக்கையில் இரண்டு வரிகளை மட்டுமாவது தேடிப் பாருங்கள்: நகரத்தின் பொது நிதிக்கு மாற்றிய தொகை எவ்வளவு, பராமரிப்புக்குச் செலவழித்தது எவ்வளவு, இரண்டுக்கும் தனித்தனியாக ஐந்து வருடக் கணக்கு. முதலாவது ஏறிக்கொண்டும் இரண்டாவது இறங்கிக்கொண்டும் இருந்தால் அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்து காரணம் கேளுங்கள். அப்புறம் அந்தக் கூட்டம் வேலை நாளில் காலை 11 மணிக்கு நடக்கிறது என்றால், முதலில் அதைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லி மனு கொடுங்கள்.