திருவதிகைத் திருநீறு

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஊசி குத்திக் குத்தி இடது கை நரம்பு கயிறு மாதிரிப் புடைத்துவிட்டது. நகையெல்லாம் அடகுக்குப் போன பிறகு விளக்கேற்றவே எனக்கு மனம் வரவில்லை.

போன ஞாயிறு பண்ருட்டி பக்கம் திருவதிகைக்குப் போனோம். சைவத்தை விட்டு விலகிப்போன தம்பி அப்பருக்காக அக்கா திலகவதியார் விடாமல் வேண்டிக்கொண்ட தலம். சூலை நோயில், அந்தக் கொடிய வயிற்றுவலியில், துடித்துத் திரும்பிவந்த அப்பருக்கு அக்கா கையால்தான் திருநீறு கிடைத்தது. அதை நினைத்ததும் அழுதுவிட்டேன். அப்பா அந்தப் புடைத்த கையாலேயே என் நெற்றியில் பூசிவிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றார். ஈசன் எங்களை விட்டு எங்கேயும் போகவில்லை.

நாளை காலை ஏழு மணிக்கு அடுத்த டயாலிசிஸ். விளக்கேற்றிவிட்டுக் கிளம்புகிறோம்.