ஒன், டூ, த்ரீ, ஃபோர்

ஜூலை 14, ஞாயிறு

மதியம் வரை தூங்கியும் அலுப்பு தீரவில்லை. விலாவில் யாருடைய முழங்கையோ இடித்த இடம் கன்றியிருக்கிறது. நேற்று ராத்திரி பார்த்த பங்க் கச்சேரியை, அதாவது வேகமும் இரைச்சலுமான ராக் கச்சேரியை, இப்போதே எழுதிவிட வேண்டும். நாளைக்குக் கூட வந்த நண்பர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

நிலவறை மாதிரி ஒரு சின்னக் கூடம். மேடை என்று சொல்வதே அதிகம், முழங்கால் உயரம்கூட இல்லை. பாட்டுக்கு இரண்டு நிமிடம், கைதட்டி முடிப்பதற்குள் அடுத்தது. அமெரிக்க பங்க் குழு ரமோன்ஸின் முதல் ஆல்பம் 1976-இல் வந்தது. 14 பாட்டும் சேர்ந்து அரை மணி நேரம் தேறாது. இவர்களும் அந்தப் பரம்பரைதான்.

பாதியில் கிட்டார் தந்தி அறுந்தது. மாற்று கிட்டார் கிடையாது. கிட்டாரிஸ்ட் தரையிலேயே சம்மணம் போட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு புதுத் தந்தியை மாட்ட ஆரம்பித்தார். டிரம்மர் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். பாடகருக்குச் சும்மா நிற்க முடியவில்லை. கீழே குதித்து, மைக்கைக் கொண்டுவந்து எங்கள் ஆடிட்டரின் வாய்க்கு நேராக நீட்டினார்.

ஆடிட்டர்! பக்கத்து மேசைக்காரரிடம் பேசக்கூட மெயில் அனுப்புகிற ஆள். பாட்டில் ஒரு வரி தெரியாது. ஒரு நொடி முழித்தான். அப்புறம் தொண்டை கிழியக் கத்தினான்: "ஒன்! டூ! த்ரீ! ஃபோர்!"

ரமோன்ஸ் மேடையில் பேஸ் கிட்டாரிஸ்ட் டீ டீ ரமோன் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் போட்ட அதே கூச்சல். டிரம்மர் அதைச் சைகையாக எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டில் பாய்ந்துவிட்டார். பாவம் கிட்டாரிஸ்ட், மிச்சமிருந்த ஐந்து தந்தியோடு எழுந்து ஓடினார்.

ஜூலை 16, செவ்வாய்

எங்களோடு வந்த நெட்டையனுக்கு இன்னும் காதில் ஙொய் என்கிறதாம். காதடைப்பான் கொடுத்தபோது "பங்க் கேட்க வந்துவிட்டுப் பஞ்சு வைப்பதா?" என்று கேலி பண்ணினவன். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்கான ஒரு கணக்கு. மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். அந்தக் கூடத்தில் அதற்குக் குறைவாக இருந்திருக்காது.

முட்டி மோதி ஆடும் கூட்டத்தில் என் தோழி ஒருமுறை விழுந்தாள். முழங்கால் தரையில் படுவதற்குள் நாலைந்து கைகள் தூக்கிவிட்டன. இடித்தவனே "சரியா?" என்று கேட்டான். அவள் தலையாட்டியதும் மறுபடி இடித்தான். விழுந்தவரைத் தூக்கு என்பதுதான் அங்கே முதல் சட்டம். வேண்டுமென்றே அடிப்பவர்களைக் கண்டால் அமெரிக்க பங்க் குழு ஃபுகாஸியின் பாடகர் இயன் மெக்கே அந்த நாளில் பாட்டையே நிறுத்துவார். டிக்கெட் பணத்தைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பியதும் உண்டு. கச்சேரி நடத்தினால் அப்படி நடத்த வேண்டும்.

ஜூலை 21, ஞாயிறு

நினைத்தபடியே ஆளுக்கொரு கதை. ஆடிட்டர் கத்தியது மூன்றாவது பாட்டுக்கு முன்னால் என்கிறான் நெட்டையன், கடைசிப் பாட்டுக்கு என்கிறாள் தோழி. ஆடிட்டரோ தான் கத்தவே இல்லை என்று சாதிக்கிறான்.

இது எங்கள் வியாதி மட்டுமல்ல. 1976 ஜூன் 4 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு வாசித்தபோது அரங்கில் இருந்தது 40 பேர் அளவுக்குத்தான் என்பார்கள். அதில் பீட்டர் ஹூக் மறுநாளே பேஸ் கிட்டார் வாங்கினார். பிறகு அவர் வாசித்த ஜாய் டிவிஷன் குழு பிறந்தது. அந்தக் கச்சேரியின் பெயர் பெரிதாகப் பெரிதாக, "நானும் அங்கே இருந்தேன்" என்றவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டார்கள். பொய் என்று முழுக்கச் சொல்ல மாட்டேன். கேட்டுக் கேட்டு அவர்களுக்கே பார்த்த மாதிரி ஆகியிருக்கும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எங்களோடு வராமல் வீட்டில் தூங்கிய நண்பன் ஒருவன் உண்டு. இன்று புது ஆட்கள் நடுவில் அந்தத் தந்தி அறுந்த கதையை அவன்தான் சொன்னான், டார்ச் உட்பட. என்னைவிட நன்றாகவே சொன்னான். போதாக்குறைக்கு ஆடிட்டர் பக்கம் திரும்பி, "த்ரீ சொல்லும்போது உனக்குக் குரல் கொஞ்சம் பிசிறடித்ததுடா" என்றான்.

"தொண்டை வறண்டிருந்தது" என்றான் ஆடிட்டர்.