பகல்நேர ஹாஸ்பிஸ்: வாரத்தில் ஒரு நாள் என்னவெல்லாம் செய்ய முடியும்

ஹாஸ்பிஸ் என்பது தீராத நோயுள்ளவர்களின் வலியையும் தொல்லைகளையும் தணித்துப் பராமரிக்கும் இடம். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டாலே, கடைசி நாட்களில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும் இடம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்திலேயே மருத்துவர் தந்த பரிந்துரைக் கடிதத்தை வீட்டில் மாதக்கணக்கில் கிடப்பில் போட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் ஷெஃபீல்டு நகரத்து செயின்ட் லூக்ஸ் ஹாஸ்பிஸ் 1975இல் பகல்நேரப் பிரிவு தொடங்கியது. நோயாளி காலையில் வந்து, மாலையில் தன் வீட்டுக்கே திரும்பிவிடலாம். இன்று பிரிட்டனில் பல ஊர்களிலும் சிங்கப்பூரிலும் இந்த ஏற்பாடு உண்டு. புற்றுநோயாளிகள் மட்டுமல்ல, இதயச் செயலிழப்பு, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் நோய்) உள்ளவர்களும் வருகிறார்கள். உட்கார்ந்து பேசவும் கொஞ்சம் நடக்கவும் தெம்பு இருக்கும்போதே தொடங்க வேண்டும். தாமதித்தால் கற்றுக்கொள்ள வேண்டிய பாதி விஷயங்களுக்கு உடம்பு இடம் கொடுக்காது.

பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாள், காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை. 8 முதல் 12 வாரம் கழித்து நிலைமையை மறுபடி பார்ப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தேநீர், அரட்டை, ஓவியம் வரைதல், மதியச் சாப்பாடு என்று பொழுதுபோக்காகத் தெரியும். ஆனால் அந்தத் தேநீர் நேரத்தில்தான் நர்ஸ் நிறையக் கண்டுபிடிக்கிறார். போன வாரம் தானாக எழுந்தவர் இந்த வாரம் கைப்பிடியை அழுத்தி எழுகிறாரா, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டதா, விழுங்கும்போது இருமுகிறாரா? மருத்துவமனையில் சில நிமிடங்களில் முடியும் சந்திப்பில் இவை தெரிவதில்லை.

வலியை எடுத்துக்கொள்வோம். வாய்வழி மார்ஃபின் எடுப்பவருக்கு, இடையில் திடீரென வரும் வலிக்கென்று தனி டோஸ் உண்டு. வழக்கமாக ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. நாளுக்கு 60 மி.கி. என்றால் இடைவலிக்கு 10 மி.கி. அதைத் தினம் எத்தனை முறை எடுத்தார் என்று நோட்டில் குறித்து வந்தால், அடிப்படை டோஸ் போதவில்லையா, அல்லது குளிக்கும்போது மட்டும்தான் வலிக்கிறதா என்று பிரித்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மார்ஃபின் குடலை மந்தமாக்கும் என்பதால் மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துத் தருவார்கள். அதை விட்டுவிட்டு, மலச்சிக்கல் தாங்காமல் மார்ஃபினையே நிறுத்திவிட்டு வலியோடு வருகிறவர்கள் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

மூச்சுத்திணறலுக்குப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தருபவை எளிமையானவை: மேசையில் முழங்கைகளை ஊன்றி முன்பக்கம் சாய்தல், உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடுதல், சிறிய கைவிசிறியை முகத்துக்கு 15 செ.மீ. தள்ளிப் பிடித்து மூக்கிலும் கன்னத்திலும் காற்றுப் படவிடுதல். முகத்தில் குளிர்காற்று பட்டால் மூச்சிரைக்கும் உணர்வு தணியும். இவற்றைத் திணறல் இல்லாத நேரத்தில் பழக வேண்டும். பதற்றத்தில் இருப்பவருக்குப் புதிதாக எதுவும் ஏறாது.

கோளாறு பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். மதிய மாத்திரை வீட்டிலேயே தங்கிவிடும். பார்க்கின்சன் உள்ளவருக்கு ஒரு வேளை தவறினாலே உடம்பு இறுகிவிடும். 340 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டத்தில் 170 நிமிடம்தான் வரும்; வண்டி நெரிசலில் நின்றால் என்ன ஆகும் என்று முன்பே கணக்குப் போட வேண்டும். ஃபென்டனில் பேட்ச் (தோல் வழியாக வலிமருந்தை மெல்ல உள்ளே விடும் ஒட்டுப்பட்டை) ஒட்டியவருக்கு அதன்மேல் வெந்நீர்ப்பை வைக்கக் கூடாது, சூடான நீரில் நெடுநேரம் குளிக்கவும் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கி, அளவுக்கு மீறிய தூக்கமும் மூச்சு மந்தமும் வரலாம். மசாஜ் செய்பவர் கட்டி இருக்கும் இடத்தையும், ரத்தம் உறைந்திருக்கும் காலையும் தொடக் கூடாது. மெலிந்த உடம்பு ஒரே நாற்காலியில் ஐந்து மணி நேரம் இருந்தால் புண் வரும். மெத்தை வேண்டும், அவ்வப்போது எழுப்பிவிட வேண்டும்.

வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கும் இந்த ஐந்து மணி நேரம் சொந்தம். அவர்களில் பலர் அதைத் துணி துவைக்கவும் வங்கிக்குப் போகவும் செலவழித்துவிடுகிறார்கள். முதல் வாரமே தூங்கச் சொல்லி வற்புறுத்துவது நல்லது. இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பதையும் நர்ஸ் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். நோயாளி எதிரில் இருந்தால் "ஒன்றும் கஷ்டமில்லை" என்றுதான் பதில் வரும்.

அடுத்து எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எங்கே இருக்க விருப்பம் என்ற பேச்சும் இங்கேதான் இயல்பாக எழும். பக்கத்து நாற்காலிக்காரர் இறந்துபோன வாரத்தில் பெரும்பாலும் நோயாளியே அதைத் தொடங்குவார். மழுப்பாமல் உட்கார்ந்து கேட்டு, அவர் சொன்னதை எழுதி, அவர் சம்மதத்தோடு குடும்ப மருத்துவருக்கும் வீட்டுக்கு வரும் நர்ஸ் குழுவுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால், நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வரும்போது அந்தத் தாள் ஹாஸ்பிஸ் கோப்பிலேயே பூட்டிக் கிடக்கும்.