டப்பாவில் என்ன வந்தது?

மலத்தில் எலாஸ்டேஸ் (கணையம் சுரக்கும் செரிமான என்சைம்) 60 என்று ரிப்போர்ட் வந்ததும் கணையம் போய்விட்டது என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று: டப்பாவில் வந்த மலம் எப்படி இருந்தது?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலிலும் கணையத்திலும் சுரப்பு கெட்டியாகி அடைக்கும் பரம்பரை நோய்) உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினருக்குக் கணையச் சாறு போதாது. ஒரு கிராம் மலத்தில் எலாஸ்டேஸ் 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சரி. 100-க்குக் கீழே இறங்கினால் கடும் குறைபாடு. 'ஒரு கிராமுக்கு' என்பதில்தான் சிக்கலே. பேதியாகும் நாளில் எடுத்தால் தண்ணீரில் நீர்த்து, நல்ல கணையமும் கெட்டதாகத் தெரியும். எனவே குழந்தைக்கு வயிறு சரியான பிறகு, உருவமுள்ள மலத்தில் கொஞ்சம் எடுத்தாலே போதும். குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்தாலும் எலாஸ்டேஸ் அவ்வளவு சுலபமாகச் சிதையாது. மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும்; வெயிலில் காய்ந்துபோனால் அளவு தப்பாக ஏறும்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, செரிமானத்துக்குக் கொடுக்கும் என்சைம் கேப்சூலை டெஸ்ட்டுக்காக நிறுத்திவிட்டு வருவது. மனித எலாஸ்டேஸை மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் முறையில் பன்றிக் கணையத்திலிருந்து வரும் மருந்து குறுக்கிடாது. நிறுத்தினால் பிள்ளைக்கு வயிற்று வலியும் எண்ணெய்ப் பேதியும்தான் மிச்சம்.

பிறந்த முதல் சில நாட்களில் அளவு இயல்பாகவே குறைவு. முதல் வருடம் முழுக்க ஏறி இறங்கவும் செய்யும். அதனால் எல்லைக்கோட்டில் வரும் எண்ணை ஒரே முறையில் முடிவாக எழுதாமல், சில மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இரண்டு முறை 100-க்குக் கீழே உறுதியானவருக்கு வருடா வருடம் செய்வது வீண் செலவு, சி.எஃப்.டி.ஆர். மாடுலேட்டர் மருந்து (இந்நோய்க்குக் காரணமான பழுதுள்ள புரதத்தையே வேலை செய்ய வைப்பது) தொடங்கிய சிறு குழந்தைகள் மட்டும் விதிவிலக்கு, அவர்களில் சிலருக்கு அளவு மேலே வருகிறது. கணையம் இன்னும் வேலை செய்கிறவர்களைத்தான் வருடந்தோறும் கவனிக்க வேண்டும். பின்னால் குறைபாடு வரலாம். கணைய அழற்சி வருவதும் பெரும்பாலும் இவர்களுக்கே. மேல்வயிறு வலித்து முதுகுக்குப் போனால் ரத்தத்தில் லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் கணைய என்சைம்) பார்த்துவிடுவது நல்லது.

கேப்சூல் தொடங்கிய பிறகு எலாஸ்டேஸை விட எடையும் கழிவறையும்தான் அதிகம் சொல்லும். 'கழுவினாலும் வழவழன்னு போகவே மாட்டேங்குது' என்று அம்மா சொன்னால் அதுவே கொழுப்பு. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 10,000 முதல் 20,000 யூனிட் லைபேஸில் ஆரம்பிக்கலாம். மேல் எல்லை வேளைக்கு 50,000, நாளுக்கு 2,00,000. அதைத் தாண்டினால் பெருங்குடல் தழும்பாகிச் சுருங்கும் ஆபத்து உண்டு. இட்லிக்கும் பரோட்டா சால்னாவுக்கும் ஒரே எண்ணிக்கையில் கொடுப்பதுதான் இங்கே பெரிய பிழை. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் ஏறக்குறைய 4.5 கிராம் கொழுப்பு இருக்கிறது; ஆம்பூர் பிரியாணிக்கு எவ்வளவு என்று வீட்டில் சமைப்பவர்தான் சொல்ல முடியும்.

டோஸ் ஏற்றுவதற்கு முன் பாட்டில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டு அலமாரியில் வைத்த கேப்சூல் வீரியம் இழந்திருக்கும். உள்ளே இருக்கும் மணிகளை மென்றாலோ, சூடான சோற்றில் கலந்தாலோ அதே கதிதான்.

கணையத்தின் இன்னொரு வேலை இன்சுலின். அது சத்தமில்லாமல் குறையும். பத்து வயதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரச் சுகர் பார்க்க வேண்டும்: கிலோவுக்கு 1.75 கிராம், அதிகபட்சம் 75 கிராம். எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சுகர்) மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. இந்நோயில் அது இயல்பாகக் காட்டி ஏமாற்றும். எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியதும் குடிக்கிற டீ அன்றைய டெஸ்ட்டையே கெடுத்துவிடும். நெஞ்சுச் சளி முற்றியிருக்கும்போதும் ஸ்டீராய்டு ஓடும்போதும் தள்ளிப்போடலாம்.

இரண்டு மணி நேர அளவு 200 அல்லது அதற்கு மேல் வந்தால் வேறொரு நாளில் உறுதிசெய்து இன்சுலின் தொடங்குவார்கள். வீட்டிலோ அன்றிரவே சோற்றைக் குறைத்து, நெய்யை நிறுத்திவிடுவார்கள். சாதாரணச் சர்க்கரை நோயாளிக்குச் சொல்லும் பத்தியம் இந்த ஒல்லிப் பிள்ளைக்கு ஆகாது. சாப்பாடு அப்படியே இருக்கட்டும். இன்சுலினைத்தான் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.