மஞ்சள் பெல்ட்டுக்கு முன்

அக்டோபர் 6

டேக்வாண்டோவுக்குப் புதியவர்கள். பெல்ட் கட்டுவதிலேயே பாதி வகுப்பு போயிற்று. போகட்டும். பெல்ட்டின் நடுவைத் தொப்புளில் வைத்து, இரு முனைகளையும் முதுகுப் பக்கம் கொண்டுபோய், கை மாற்றி முன்னால் கொண்டுவர வேண்டும். முதுகில் ஒரு சுற்றின் மேல் இன்னொன்று அப்படியே படிய வேண்டும். மேலே வந்த முனையை இரண்டு சுற்றுக்கும் அடியில் நுழைத்து இழுத்த பிறகுதான் முடிச்சு. ஒரு சுற்றுக்கு மட்டும் அடியில் விட்டால் நாலு உதையில் அவிழ்ந்துவிடும். தொங்கும் முனைகள் சம நீளமாக இல்லையென்றால் ஆரம்பத்தில் நடு தவறியிருக்கிறது. அவிழ்த்து மறுபடி கட்டு.

டோபோக் (சீருடை) அளவு உயரக் கணக்கில் வரும்: 120, 130, 140 செ.மீ. "வளர்ற பையன், ரெண்டு சைஸ் பெருசா எடுத்துட்டேன் மாஸ்டர்." ஒரு சைஸ் போதும் அம்மா. கால்சட்டை கணுக்காலுக்குக் கீழே இறங்கினால் பிள்ளை அதையே மிதித்து விழும்.

அக்டோபர் 8

நகம் வெட்டு. கொலுசு, மோதிரம், கடிகாரம் கழற்று. தினமும் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 11

நிற்கப் பழகாமல் உதைக்கப் பழக முடியாது. அப் சோகி என்ற குட்டை நிலை என்பது நடந்துகொண்டிருக்கும்போது சட்டென நின்றால் வரும் இடைவெளி. இரண்டு முழங்காலும் நேர். அப் குபி என்ற நீள நிலைக்கு ஒன்றரை அடிவைப்பு. குனிந்து பார்த்தால் முன் முழங்கால் விரல் நுனியை மறைக்கிற அளவுக்கு மடங்க வேண்டும். பின்கால் நேர், பின்பாதம் 30 பாகைக்குள் வெளியே திரும்பலாம். இரு பாதங்களுக்கும் குறுக்கே ஒரு முஷ்டி அகலம். இந்தக் குறுக்கு இடைவெளியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கயிற்றின்மேல் நிற்பதுபோல ஒரே கோட்டில் நின்றால், தோளில் விரல் வைத்துத் தள்ளினாலே சாய்கிறார்கள். தள்ளிக் காட்டினால்தான் புரிகிறது.

கடைசி வரிசைச் சிறுமி கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்கி வைத்திருந்தாள். பேடில் குத்துவதற்கு முன் கண்ணில் பட்டது. கட்டைவிரல் வெளியே, ஆள்காட்டி விரல், நடுவிரல்மீது குறுக்காக இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் உடையும்.

அக்டோபர் 15

டோல்லியோ சாகி (பக்கவாட்டில் வளைந்து வரும் உதை) தொடங்கியாயிற்று. இனி ஒரே கவலை: தாங்கும் கால்.

எல்லோர் கண்ணும் உதைக்கிற காலில் இருக்கிறது. உதையின் தலையெழுத்து தரையில் இருக்கிற காலில் இருக்கிறது. முழங்கால் ஒரு பக்கம் மடங்கி நீளவே அமைந்தது, முறுக்கு அதிகம் தாங்காது. வெறும் பாதம் தரையில் விரித்த மேட்டில் (mat) ஒட்டிக்கொள்ள, இடுப்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். குதிகாலை லேசாகத் தூக்கி முன்பாதத்தில் சுழல வேண்டும். உதை போய்ச் சேரும்போது குதிகால் இலக்குப் பக்கம் பார்க்க வேண்டும். இடுப்பு உயர உதைக்கே பாதம் 90 பாகையாவது திரும்ப வேண்டும். உயரம் கூடக்கூடச் சுழற்சியும் கூடும், தலை உயரத்துக்குப் போகும்போது விரல்கள் கிட்டத்தட்டப் பின்னால் பார்க்கும்.

வங்கிக்காரர் இடது காலால் நன்றாக உதைக்கிறார். வலது பாதம் அசையவே இல்லை. போகும்போது வலது முழங்காலின் உட்பக்கத்தைத் தடவிக்கொண்டே போனார்.

அக்டோபர் 16

சுவர்ப் பயிற்சி. ஒரு கை சுவரில். ஒன்று முதல் ஐந்து வரை கொரிய எண்ணிக்கை. ஹனா: முழங்கால் மேலே. துல்: குதிகாலைத் திருப்பு, இடுப்பைப் புரட்டு. செத்: நீட்டு. நெத்: மடக்கு. தசோத்: கீழே வை. பக்கத்துக்குப் பத்து, மெதுவாக. வேகம் கேட்டால் கொடுக்கக் கூடாது. வேகத்தில் துல் காணாமல் போய்விடுகிறது.

அக்டோபர் 20

மழை. வகுப்பு இல்லை.

அக்டோபர் 22

மழை. அந்த முழங்கால் என்ன ஆயிற்றோ.

அக்டோபர் 25

பாத வடிவம் இரண்டு உதைக்கும் நேர்எதிர். அப் சாகியில் (நேர் முன் உதை) விரல்களைப் பின்னுக்கு இழுத்து முன்பாதத்தால் அடிக்க வேண்டும். டோல்லியோவில் கணுக்காலை நீட்டிப் புறங்காலால். புதியவர்கள் இரண்டையும் மாற்றிப் போடுகிறார்கள். அப் சாகியில் விரல் நீண்டிருந்தால் பேடில் மோதி விரல் பிசகும். டோல்லியோவில் பாதம் மடங்கியிருந்தால் விரல் நுனிதான் போய் இடிக்கும். உட்காரவைத்து, காலை நீட்டி, "இழு, நீட்டு, இழு, நீட்டு" என்று பாதத்தை மட்டும் ஆட்டவைத்ததில் இன்றைக்கு நிறையவே சரியாயிற்று. மனசுக்கு நிறைவான நாள்.

வங்கிக்காரர் வரவில்லை.

அக்டோபர் 28

கோபம் இன்னும் அடங்கவில்லை. பிள்ளைக்குக் காலை விரித்து உட்காரும் ஸ்ப்ளிட் வரவில்லையென்று வீட்டில் ஒரு பெரியவர் தோளை அழுத்தி உட்காரவைத்திருக்கிறார். தொடையின் உட்பக்கத் தசை இழுத்துக்கொண்டு நடக்க முடியாமல் வந்தான். யாரும் யாரையும் அழுத்தக் கூடாது. வகுப்புக்கு முன்னால் காலை ஆட்டி, சுழற்றி, குதித்து உடம்பைச் சூடேற்ற வேண்டும். பிடித்து நிறுத்தும் நீட்சி வகுப்பு முடிந்த பிறகு, 30 நொடி, வலி வரும் எல்லைக்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். உயர உதைக்கு நெகிழ்வு மட்டும் போதாது, காலைத் தூக்கிப் பிடிக்கும் இடுப்பு முன்தசைக்கு வலு வேண்டும். சுவரைப் பிடித்து முழங்காலை மார்புக்குத் தூக்கி நிறுத்து. ஸ்ப்ளிட்டைவிட அது சீக்கிரம் பலன் தரும்.

நவம்பர் 2

தேகுக் இல் ஜாங். பூம்சே என்பது எதிராளி இல்லாமல் செய்யும் அசைவு வரிசை. எட்டுத் தேகுக் பூம்சேக்களில் இது முதலாவது, 18 அசைவுகள். வானத்தைக் குறிக்கும் மூன்று கோடுகள் இதன் சின்னம். தரையில் நடக்கும் பாதையும் மூன்று குறுக்குக் கோடு, நடுவே ஒரு நெடுக்குக் கோடு. குறுக்குக் கோடுகளில் எல்லாம் அப் சோகி. நெடுக்கில் மட்டும் அப் குபி, அதாவது அசைவு எண் 5, 6, 11, 12, 17, 18. இதைச் சொல்லிவிட்டால் எங்கே நீள நிலை, எங்கே குட்டை நிலை என்ற குழப்பம் போய்விடுகிறது.

கை குழம்பும் இடம் வேறு. 2, 4-இல் முன்னால் வைத்த கால் எதுவோ அதே பக்கக் கை குத்தும். 8, 10-இல் எதிர்ப்பக்கக் கை. உடம்பு 2-ஐ நினைவு வைத்துக்கொண்டு 8-இலும் அதையே செய்கிறது. முழுப் பூம்சேயைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் இந்தத் தவறு ஊறிப்போகும். 7-8, 9-10 மட்டும் தனியாக எடு. சரியானதும் 6-இலிருந்து தொடங்கு. அதற்கப்புறம்தான் 1.

நவம்பர் 3

வங்கிக்காரர் வந்துவிட்டார்! வீக்கம் இல்லை, டாக்டரிடமும் காட்டிவிட்டார். உதை வேண்டாம், சுவரும் நடையும் மட்டும்.

நவம்பர் 7

அடிக்கும்போது எழுப்பும் முழக்கம் கிஹாப். தொண்டையிலிருந்து வந்தால் கத்தல். அடிவயிற்றை இறுக்கி மூச்சை வெட்டி விட்டால் கிஹாப். இல் ஜாங்கில் அது ஒரே இடத்தில், 18-ஆவது குத்தில் மட்டும். கடைசி வரிசைச் சிறுமி இன்னும் வாய் திறக்கவில்லை. வற்புறுத்தவில்லை. "ஸ்ஸ்" என்று மூச்சு விட்டால் போதும் பாப்பா.

நவம்பர் 11

மேட்டுக்கு அடியில் தண்ணீர். மேலே துடைத்தால் ஆகாது. பொருத்திய ஓரங்களின் வழியே நீர் இறங்கி, ஓடுகின்ற காலுக்கு அடியில் மேட்டே நழுவுகிறது. எல்லாவற்றையும் பிரித்து, நிமிர்த்தி வைத்துக் காயவிட்டு, தரையைத் துடைத்து, பிறகு கோத்தால்தான் ஒழுங்கு. உலராமல் கோத்தால் பூஞ்சை பிடிக்கும்.

நவம்பர் 15

பாரிஸ் 2024 போட்டிகளைப் பார்த்துவிட்டுச் சிறுவர்கள் சுழல் உதை கேட்கிறார்கள். ஆசை நியாயமானது. மார்புக் கவசத்தில் குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2, தலைக்கு 3. சுழன்று உதைத்தால் மார்புக்கு 4, தலைக்கு 5. அந்த 5 புள்ளிக்கும் அச்சு தரையில் சுழலும் பாதம்தான். சும்மா நின்று 90 பாகை திரும்பாத பாதம் 360-க்கு எப்படித் திரும்பும்? முதல் மாதத்திலேயே வெள்ளை பெல்ட்டுக்குக் கவசம் மாட்டி ஸ்பாரிங் (எதிராளியோடு மோதும் பயிற்சி) விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கப் பழகிவிடுவார்கள். அதை மாற்றுவது பெரும்பாடு.

"பிளாக் பெல்ட் எப்ப மாஸ்டர்?" 15 வயதுக்குள் வாங்கினால் டான் என்ற பெரியவர் தகுதி கிடையாது தம்பி, பூம் என்ற சிறுவர் தகுதிதான். பெல்ட்டும் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. சான்றிதழ் சியோலில் உள்ள குக்கிவோனிலிருந்து வர வேண்டும்.

நவம்பர் 19

மஞ்சள் பெல்ட் டெஸ்ட் தள்ளிப்போகிறது. மழைதான். டிசம்பர் 7 என்கிறார்கள். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. எனக்கும்தான்.

நவம்பர் 22

தொடங்கிய இடத்தில் டேப் ஒட்டினோம். இல் ஜாங்கின் 18-ஆவது அசைவு முடிந்து திரும்பி ஜுன்பி (தயார் நிலை) நிற்கும்போது அந்த டேப்பில் நிற்க வேண்டும். ஒரு பாதம் முன்னால் நின்றால் 17, 18-இல் அப் குபி குட்டை. பக்கவாட்டில் விலகினால் 14, 16-ஐப் பார். உதைத்த காலை மடக்காமல் அப்படியே கீழே போட்டிருப்பார்கள். எடை முன்னால் விழுந்து, அப் சோகி வர வேண்டிய இடத்தில் நீள நிலை வந்திருக்கும்.

எல்லாம் அந்த மடக்கில் இருக்கிறது. மடக்கு வருகிறதா என்று பார்க்க நல்ல வழி, உதைத்து, மடக்கி, ஒற்றைக் காலில் இரண்டு எண்ணும்வரை நின்ற பிறகு காலை வைக்கச் சொல்வது. நிற்க முடியாதவர் மடக்கவில்லை.

நவம்பர் 23

தாங்கும் கால்.

நவம்பர் 27

வங்கிக்காரருக்கு உதை அனுமதி. பேடை முழங்கால் உயரத்தில் பிடித்தோம். பாதம் திரும்பிற்று, தானாக, எண்ணாமல்! இரண்டு பக்கமும். வலி இல்லை என்றார். இரண்டு முறை கேட்டேன்.

7-ஆம் தேதிவரை அவருக்கு இடுப்பு உயரம்தான் எல்லை. மற்றவர்களுக்கும் அதுவே. நாளைக்கு இல் ஜாங்கில் 13-இலிருந்து 16 வரை மட்டும்: ஒல்குல் மாக்கியில் (முகத்துக்கு வரும் அடியைத் தடுப்பது) மணிக்கட்டு நெற்றிக்கு ஒரு முஷ்டி முன்னால் நிற்க வேண்டும், பாதிப்பேர் கையைத் தலைமேல் சாய்த்துக்கொள்கிறார்கள்.