ஊற்று நீருக்கு ஒரு சட்டம்

இங்கிலாந்தின் ஹாரகேட் நகரில் குடியேறிய புதிதில், பழைய பம்ப் ரூம் மண்டபத்தைக் கடக்கையில் அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. இந்த ஊருக்கே சோறு போட்ட கந்தக ஊற்று அது என்று பக்கத்து வீட்டு அம்மையார் பெருமையோடு சொன்னார். அந்த நீரை நோயாளிகள் காலையில் வெறும் வயிற்றில் குவளை குவளையாகக் குடித்தார்களாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கதை கந்தகத்தில் தொடங்கவில்லை. 1571இல் வில்லியம் ஸ்லிங்ஸ்பி என்பவர், இன்று டீவிட் கிணறு எனப்படும் ஊற்றின் நீரைச் சுவைத்து, இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஸ்பா நகரத்து நீரின் இரும்புச் சுவையை அதிலே கண்டார். 1626இல் யார்க் நகர மருத்துவர் எட்மண்ட் டீன் இந்நீரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சிற்றூரைத் தேடி நோயாளிகள் வரத் தொடங்கினார்கள்.

ஆனால் என்னை நெகிழவைத்தது 1778ஆம் ஆண்டு. இந்த ஊரை உள்ளடக்கிய நாரெஸ்பரோ வனத்தை வேலியடைத்துப் பங்கிட்டபோது, ஊற்றுகளைச் சுற்றிய 200 ஏக்கர் நிலத்தை ஒருவருக்கும் கொடுக்காமல் பொதுவில் விட்டு, எவரும் எந்நேரமும் கட்டணமின்றி வந்து நீர் பருகலாம் என்று எழுதியும் வைத்தார்கள். அந்த எழுத்துக்கு எவ்வளவு வலிமை என்பது 1842இல் தெரிந்தது: கந்தக ஊற்றின் மேல் அந்த எண்கோணப் பம்ப் ரூம் மண்டபத்தை எழுப்பி உள்ளே காசு வாங்கியபோதும், காசில்லாதவர்களுக்காக வெளியே ஒரு குழாய் வைக்க வேண்டியதாயிற்று.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. ஸ்ட்ரே எனப்படும் அந்தப் பொதுப் புல்வெளியில் குரோக்கஸ் பூக்கும் பருவம்கூட மனப்பாடம். ஆயினும் அந்தக் குழாயைக் காணும்போதெல்லாம் மனம் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குப் போய்விடுகிறது. ஆடி அமாவாசையன்று அப்பா பிதிர்க்கடன் முடித்துக் கடலில் முழுகி, உடம்பின் உப்புப் போகக் கேணியில் இறங்குவார். கட்டுக்கு அப்பால் கடல் அலையடிக்க, இப்பால் குளிர்ந்த நன்னீர்; தம்பியும் நானும் கட்டிலிருந்து குதித்துக் குதித்து அவரிடம் திட்டு வாங்குவோம். அங்கே கட்டணமும் இருந்ததில்லை, அப்படியொரு சட்டம் தேவைப்படுமென்று எவரும் நினைத்ததும் இல்லை. 1990இல் போர் எங்களைக் கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பியது. பிறகு பல ஆண்டுகள் அந்தப் பக்கமே போக முடியாதிருந்தது. அப்பா மறுபடியும் அந்தக் கேணியில் இறங்காமலே கண்ணை மூடினார். அவருக்கு அந்த நீரில் இருந்த உரிமையை எந்த ஏட்டிலும் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.